வண்டியோடு வந்ததும் நாம் வாங்கி மாட்டியதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "ஏதாவது பேசுப்பா. ஆனா தெர்மோடைனமிக்ஸ் வேண்டாம், எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க" என்றார். குடும்பத்துக்கும் இயந்திரவியலுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்தேன். வீட்டு வாசலில் நிற்கிற கார்தான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

என் தொழில் பற்றி ஒரு வார்த்தை. நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். கல்யாணமாகி ரொம்ப நாள் வரைக்கும் என் மாமியார், மாப்பிள்ளை நிலம் அளக்கிறவர் என்றே உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிலம் அல்ல, அடிபட்ட வண்டி. ஒர்க்‌ஷாப்பில் நொறுங்கிக் கிடக்கும் காரைச் சுற்றி வந்து, எது போயிற்று, எது பிழைத்தது, கம்பெனி எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதித் தருவது வேலை. ஷோரூமில் மாலை போட்டு நிற்கிற வண்டியை நீங்கள் பார்க்கிறீர்கள். அதே வண்டியின் கடைசிக் கோலத்தை நான் பார்க்கிறேன். அதனால் வண்டியில் எது எதற்காக இருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

உதாரணத்துக்கு வேகன் ஆரையே எடுத்துக்கொள்கிறேன். காலையில் நம் மைதானத்தில் வண்டியை நிறுத்தும்போது எண்ணிப் பார்த்தேன், பதினோரு வேகன் ஆர் நின்றன. என்னுடையதும் அதில் ஒன்று. ஜப்பானில் 1993-ல் வந்த கார். நம் நாட்டில் 1999 டிசம்பரில் அறிமுகமானது. அதற்கு ஒரு வருடம் முன்புதான், 1998-ல், நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்திருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி" என்று சிரித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். வேட்டி கட்டிய அப்பாவும் முழங்கால் வலிக்காரர் அம்மாவும் குனியாமல் ஏறி இறங்க முடிகிறது என்று தெரிந்த பிறகு சிரிப்பு நின்றது. இன்று ஓடும் மூன்றாவது தலைமுறை 2019 ஜனவரியில் வந்தது. டிக்கி 341 லிட்டர். கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தின் பெட்டியும் சீர்வரிசைப் பையும் உள்ளே போகும். சி.என்.ஜி. வாங்கியவர்களுக்கு அந்த இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், அது வேறு கதை.

வண்டி ஓடுவதில் குறையில்லை. மைலேஜ் கொடுக்கிறது, சந்தில் திரும்புகிறது, பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கிறது. நான் பேச வந்தது டெலிவரி நாளைப் பற்றி. பத்து வருடம் சேர்த்த பணத்தில், ஐந்து வருடக் கடனில் வாங்குகிறோம். எல்லாம் முடிந்து பேனாவை மூடும்போது ஒரு பையன் தடிமனான புத்தகத்தோடு வருவான். "சார், ஆக்சஸரீஸ் பார்த்துடலாமா?" சீட் கவர், மேட், டோர் வைசர், மட்ஃபிளாப், முன்னால் ஒரு கார்டு, பின்னால் ஒரு கார்டு, காலடியில் நீல விளக்கு. "வண்டி வெறும்னா இருக்கு சார்" என்பான். அந்த 'வெறும்' என்ற ஒரு வார்த்தைக்கு நாம் கொடுக்கிற விலை இருபதாயிரம், முப்பதாயிரம். அதில் அழகுக்காக வாங்குவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, அவரவர் ஆசை. ஆனால் அந்தப் புத்தகத்திலிருந்து நாம் வாங்குகிற சில பொருள்கள், வண்டியோடு ஏற்கெனவே வந்திருப்பதைச் செயலிழக்கச் செய்கின்றன. அதைத்தான் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சீட் பெல்ட். மாணவர்கள் இருப்பதால் ஒரு சின்னக் கணக்கு, பேராசிரியர் திருத்தலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 16.7 மீட்டர். எந்த உயரத்திலிருந்து விழுந்தால் அந்த வேகம் வரும்? வேகத்தின் வர்க்கத்தை இரண்டு ஜி-யால் வகுத்தால் 14 மீட்டர். நம் மெயின் பில்டிங் மொட்டை மாடிக்கு மேல் இன்னும் ஒரு மாடி கட்டி, அங்கிருந்து குதிப்பதற்குச் சமம். அந்த உயரத்துக் கைப்பிடிச் சுவர்தான் பெல்ட். ஏர்பேக் அதற்குத் துணை. எஸ்.ஆர்.எஸ். என்று ஸ்டியரிங்கில் எழுதியிருக்கிறதே, அதில் முதல் எழுத்தின் பொருளே 'கூடுதலான' என்பதுதான். அந்தப் பை ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் விரிகிறது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில். பெல்ட் உடம்பை இருக்கையோடு பிடித்து வைத்திருந்தால், விரிந்து முடிந்த பையில் முகம் போய்ச் சேரும். பெல்ட் இல்லாவிட்டால் விரிந்துகொண்டிருக்கும் பை நம்மை எதிரே வந்து அறையும்.

இப்போதைய வண்டிகளில் பெல்ட் போடாவிட்டால் மணி அடிக்கும். 2019 ஜூலை முதல் அது கட்டாயம். அந்த மணியை நிறுத்த ஒரு கிளிப் விற்கிறார்கள். பெல்ட்டின் நாக்கு மாதிரியே இரும்புத் துண்டு, தலையில் பளபளவென்று ஒரு முத்திரை. பக்கிளில் அதைச் செருகிவிட்டால் வண்டி ஏமாந்து போகும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, இந்தக் கிளிப்பின் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பட்டியல்களை நீக்க வைத்தது. ஆனாலும் கடைத்தெருவில் கேட்டால் கிடைக்கிறது.

பெல்ட் போட்டிருந்தாரா இல்லையா என்பதை நாங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெல்ட்டே சொல்லும். மோதலில் உடம்பின் பாரத்தைத் தாங்கிய நாடா, வளையத்தின் வழியே இழுபட்ட இடத்தில் பளபளவென்று உராய்ந்திருக்கும். முன் சீட்டில் வெடித்து இறுக்குகிற அமைப்பு இருந்தால், போட்டிருந்தவருடைய நாடா வெளியே நீண்ட நிலையில் பூட்டிக்கொண்டு தொங்கும். போடாதவருடையது தூணோடு ஒட்டி விறைத்து நிற்கும். ஒரு வண்டி பார்த்தேன். முன்பக்கம் நொறுங்கி, இரண்டு பையும் விரிந்திருந்தன. டிரைவர் பக்க நாடாவில் உராய்வு இருக்கிறது. மகன் ஓட்டியிருக்கிறார், விலா எலும்பில் நோவோடு வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து சீட்டின் நாடா புத்தம் புதிது மாதிரி, கம்பெனி மடிப்புக் கலையாமல் இருந்தது. பக்கிளில் கிளிப். அந்தப் பெரியவர் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். "அப்பாவுக்கு பெல்ட் கழுத்தை அறுக்குதுன்னார் சார், மணி வேற அடிச்சிட்டே இருந்திச்சு, அதான் வாங்கிக் கொடுத்தேன்" என்றார் மகன். பாசத்தில் வாங்கியதுதான். நான் எழுதிக்கொள்ள வேண்டியதை எழுதிக்கொண்டேன்.

நண்பர்களே, கழுத்தை அறுத்தால் அதற்கு வழி இருக்கிறது. பல கார்களில் கதவுத் தூணில் பெல்ட் வரும் இடத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். அது இல்லாவிட்டால் சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளி, சாய்மானத்தை நிமிர்த்தினாலே நாடா தோள் நடுவில் வந்து உட்காரும். செலவு பைசா கிடையாது.

அடுத்து சீட் கவர். வேகன் ஆர் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் தருவதாக 2025-ல் அறிவிக்கப்பட்டது. முன்னால் இரண்டு, சீட்டின் பக்கத்தில் இரண்டு, ஜன்னலுக்கு மேல் திரை போல இரண்டு. சீட்டின் பக்கத்தில் இருப்பது எங்கே இருக்கிறது? கதவை ஒட்டிய ஓரத்தில், சாய்மானத்தின் தையலுக்கு உள்ளே. அங்கே 'ஏர்பேக்' என்று ஒரு சின்னத் துணி லேபிள் தைத்திருக்கும். தையல் பிரிந்துதான் பை வெளியே வரவேண்டும். அதன் மேல் மூன்று அடுக்கு ரெக்சினை இழுத்துத் தைத்தால் அது எங்கே வரும்? ஏர்பேக்குக்கு ஏற்ற தையல் கொண்ட கவர்கள் கிடைக்கின்றன. பழைய காரிலிருந்து கழற்றிய கவரை மாட்டுகிறவர்களும், தையல்கடையில் கொடுத்து அளவெடுத்துத் தைக்கிறவர்களும் அந்த லேபிளை ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு என்று பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில், இரண்டு பை இருந்த வேகன் ஆருக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்யம். அப்படியிருக்க நம்மிடம் இருக்கிற கொஞ்சத்தையும் நாமே அடைத்து வைக்கலாமா?

பிள்ளையார் விஷயம் சொல்லித்தான் ஆகவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். டேஷ்போர்டின் இடது பக்கத்தில் மெல்லிய கோடு போட்ட மூடி ஒன்று தெரியும். அதற்குள்தான் பயணியின் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் வண்டிகளில் சரியாக அந்த மூடியின் மேல்தான் இரட்டைப் பசை டேப்பில் பிள்ளையார் அமர்ந்திருக்கிறார். சில வண்டிகளில் சிலுவை, சில வண்டிகளில் வாசனைத் திரவியக் குப்பி. பை விரியும்போது அது எந்தத் திசையில் எந்த வேகத்தில் பறக்கும் என்று மாணவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சாமி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வண்டியிலும் முருகன் இருக்கிறார். மீட்டர் பக்கத்தில், தட்டையான சின்னப் படமாக. இடம் மாற்றி வைத்ததற்கு இதுவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முன்னால் மாட்டுகிற இரும்பு கார்டை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். வண்டியின் மூக்கு நொறுங்குவதற்காகவே செய்யப்பட்டது. அது நொறுங்கும் நேரத்தில்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். கார்டு அந்த அதிர்ச்சியை நேரே சேஸிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பை எப்போது விரிய வேண்டும் என்று சென்சார் போடும் கணக்கும் குழம்பலாம். குறுக்கே வருகிற சைக்கிள்காரருக்கு என்ன ஆகும் என்பது தனி. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. "சார், பம்பர்ல கீறல் விழாது" என்பார்கள். கீறல் விழுந்தால் பம்பருக்கு பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

தரை மேட் சாதாரண விஷயம் போலத் தெரியும். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் சான் டியேகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் நிற்காமல் பாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கு உரிய ரப்பர் மேட் ஆக்ஸிலரேட்டர் பெடலைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளை மேட்டுக்காகத் திரும்ப அழைத்தது. நம் ஊரில் கம்பெனி மேட்டின் மேல் ரப்பர் மேட், அதன் மேல் நூடுல்ஸ் மேட், மழைக்காலமானால் அதற்கும் மேல் ஒரு செய்தித்தாள். டிரைவர் பக்கம் ஒன்றே ஒன்று, அதுவும் கொக்கியில் மாட்டியது, போதும்.

விளக்கு. எச்-4 பல்பு போட்ட வண்டிகளில் கம்பெனி கொடுப்பது 60/55 வாட். "வெளிச்சம் பத்தலை" என்று 100 வாட் பல்பு போடுகிறார்கள். பன்னிரண்டு வோல்ட்டில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர். 100 வாட்டுக்கு எட்டுக்கும் மேல். ஒயர் அதே ஒயர்தான். ரிலே வைக்காமல் ஓட்டினால் முதலில் ஹோல்டர் உருகும். கூடுதல் ஹாரன், நீல விளக்கு, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் கடைக்காரர் டேஷ்போர்டுக்குக் கீழே ஓர் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவார். தீப்பிடித்த வண்டிகளில் நான் முதலில் தேடுவது அந்த டேப்பைத்தான். மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் கை வைக்காதே என்று அவரிடம் சொல்லுங்கள்; பெரும்பாலும் அது ஏர்பேக் இணைப்பு.

என் தொழில் ரகசியம் கொஞ்சம் சொல்கிறேன், காசு மிச்சமாகும். சாதாரண முழு பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஏர்பேக்கும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. புது வண்டிக்குச் சில வருடமாவது தேய்மானம் கழிக்காத பாலிசி எடுப்பது நல்லது. இரண்டாவது, வெளியில் வாங்கி மாட்டிய மின்சாதனங்களைப் பாலிசியில் தனியாகக் காட்டாவிட்டால் அவற்றுக்கு நஷ்டஈடு கிடையாது. முப்பதாயிரம் ரூபாய் மியூசிக் சிஸ்டத்துக்கு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் எங்களுக்குத் தூக்கமே இல்லை. தண்ணீரில் நின்ற வண்டி பெரும்பாலும் தேறிவிடும். தண்ணீர் வடிந்ததும், "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பிய வண்டிதான் தேறாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தும், தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராட் வளையும். வெள்ளம் விபத்து, சாவியைத் திருப்பியது நீங்கள் செய்தது என்று கம்பெனி வாதாடும். எஞ்சின் பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் கவர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆக்சஸரி. ஷோரூம் பையனின் புத்தகத்தில் படம் இருக்காது. வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்களே, அதைக் கேலி செய்கிறவர்கள் ஒரு முறை எஞ்சின் பில் பார்க்க வேண்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். காற்று அளக்கும் கேஜ் ஒன்று, சில நூறு ரூபாய்தான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை பேர் போனால் எவ்வளவு காற்று என்று. பஞ்சர் கடைத் தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே அளவு பிடிப்பார். ஸ்டிக்கரைத்தான் நம்ப வேண்டும். காலையில் டயர் சூடாகும் முன் அளங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து அளங்கள், பாவம், அதை யாரும் கவனிப்பதில்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன காற்று பம்பு ஊருக்குப் போகும்போது கைகொடுக்கும். பார்க்கிங் கேமரா நல்லது, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ரொம்ப நல்லது. எலித் தொல்லைக்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். புகையிலை, நாப்தலின், ஸ்பிரே. வண்டிக்குள் முறுக்கும் கடலைமிட்டாயும் சிந்தாமல் இருந்து, வாரக்கணக்கில் ஓட்டாமல் போடாமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும். எங்கள் தெருவில் பூனை வளர்க்கிறவர் வண்டியையும் எலி கடித்திருக்கிறது.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் சொல்ல வந்தது குழந்தைகளுக்கான சீட். "மடியில வெச்சுக்கிறேன், நான் கெட்டியா பிடிச்சுக்குவேன்" என்று எல்லா அம்மாவும் பாட்டியும் சொல்வார்கள். மறுபடி ஒரு கணக்கு. பத்து கிலோ குழந்தை. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் போய் மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவையான விசை ஏறக்குறைய 140 கிலோ எடைக்குச் சமம். இரண்டு அரிசி மூட்டைக்கு அருகில். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. அன்பில் குறை இருப்பதால் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ கட்டாமல் அழைத்துப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. யாரும் பிடிப்பதில்லை, யாரும் போடுவதுமில்லை. ஒரு நல்ல லெதர் சீட் கவர் செட்டின் விலைக்கே குழந்தை இருக்கை கிடைக்கிறது. பின் சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் அதில் மாட்டலாம். இல்லாவிட்டால் மூன்று முனை பெல்ட்டாலேயே கட்டக்கூடிய வகை பார்த்து வாங்குங்கள். ஒன்றேகால் வயது வரையாவது பின்பக்கம் பார்த்தபடி, அதுவும் பின் சீட்டில். பை விரியும் முன் சீட்டில் அப்படி வைத்துவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. முதல் வாரம் குழந்தை ஊரைக் கூட்டும். பேரன் விஷயத்தில் நாங்களும் அதைத் தாங்கினோம். இரண்டாவது வாரம் அவனே ஏறி உட்கார்ந்து பெல்ட்டைக் காட்டினான்.

பெரியவர்களுக்கும் பின் சீட் விதிவிலக்கு இல்லை. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாட்டா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த, பைகள் நிறைந்த மெர்சிடிஸ் கார். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள்.

நம் வண்டிகளில் பின் சீட்டில் பெல்ட் போட வேண்டும் என்று நினைத்தாலும் பலரால் போட முடியாது. பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. கவர் மாட்டியவர் அதற்கு ஓட்டை விடவில்லை. வாங்கிய நாள் முதல் யாரும் தேடவுமில்லை. காலையில் நிறுத்துமிடத்தில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன், யாருடைய வண்டி என்று சொல்லமாட்டேன். பதினொன்றில் ஏழில் பக்கிளே தெரியவில்லை.

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று செயலாளர் கை காட்டுகிறார். இயந்திரவியல் மாணவர்கள் நான்கைந்து பேர் என்னோடு மைதானத்துக்கு வாருங்கள். கத்தரிக்கோலும் ஏர் கேஜும் என் டிக்கியில் இருக்கின்றன. வண்டிச் சொந்தக்காரர்கள் சாவியோடு வந்தால் பக்கிளை வெளியே எடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.